பதிப்பு எண்

எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் ரொவேனா ஒருத்திதான். மலையின் வயிற்றைத் திரையில் முப்பரிமாணப் படமாக வரையும் மென்பொருளில் வந்த பிழைச் செய்தியை அதன் இணைய உதவிக் குழுவில் போட்டாள். கீழே மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சேர்த்தாள். அது இல்லாவிட்டால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வழக்கம்போல் செபு நகரத்திலிருந்து அந்தக் குழுவின் நெஸ்தோர் சார்தான் போனில் கூப்பிட்டார்.

“போன வாரம் இன்ஸ்டால் ஆகல. இந்த வாரம் ஸ்கிரிப்ட் ஓடலையா, மேடம்?”

“நாப்பதாவது வரியில நின்னுடுது சார்.”

“நிக்கட்டும். சாப்பிட்டீங்களா?”

“சோறும் கருவாடும். நீங்க?”

“ஒத்தை ஆளுக்கு என்ன சமையல்? நேத்து வாங்கின ரொட்டிதான்.”

மழை, அவருடைய முட்டிவலி என்று பேச்சு அரைமணி நேரம் ஓடியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

“மேடம், நீங்க போட்டிருக்கிற பதிப்புல இந்தப் பிழை வரவே வராது. போன வருஷமே நான்தான் அதைச் சரிபண்ணேன்.”

ரொவேனாவுக்கு முகம் சுட்டது. அவள் திரையில் மலை ஒரு பிசிறும் இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தது.

“அடுத்த தடவை பழைய பதிப்பு எண்ணையே போடுங்க,” என்றார் அவர் மெதுவாக. “குழுவுல வேற யாராவது கண்டுபிடிச்சுட்டா, அப்புறம் நான் என்ன சாக்குச் சொல்லி உங்களைக் கூப்பிடறது?”