விரதக் கொட்டகை

"இந்தப் பொம்பளை இருக்கிற கொட்டகையில நான் விரதம் இருக்க முடியாது, சார்."

தைப்பூச மாலையைத் தடவியபடி, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ராமையா மேனேஜர் ஜெயபாலனிடம் சொன்னபோது, இருளாயி பக்கத்தில்தான் நின்றாள்.

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போட்ட கோழிப்பண்ணை அது. வெள்ளைக் கோழிகள் ஆறே வாரத்தில் ஊதிவிடும். உடம்பின் கனத்தைக் கால் தாங்காமல் தினமும் நாலைந்து விழுந்துவிடும். விழுந்ததுகளை இருளாயி வேலைக்கு வந்த கையோடு பொறுக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கழுத்தைத் திருகிவிடுவாள். அவளை யாரும் ஏவவில்லை. ராமையாவுக்கு அதுதான் ஆகவே ஆகாது. எறும்பைக்கூட மிதிக்காமல் நாற்பத்தெட்டு நாள் இருக்கிற மனுஷன் பக்கத்தில், காலங்காத்தாலே கொலையா?

கூட வேலை செய்யும் வீரம்மாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"மிச்சத்தையெல்லாம் லாரியில ஏத்தி ஈப்போவுக்கு அனுப்புறீங்களே, அது என்ன கல்யாணம் பார்க்கவா அண்ணே?"

"அங்க அறுக்கிறவன் வேற ஆளு லா. பாவம் அவனுக்கு."

இத்தனையை நெருக்கி அடைக்காதீர்கள், விழுந்ததுகளுக்குத் தனியாக ஒரு தட்டி கட்டலாம் என்று இருளாயி முன்பே கேட்டுப் பார்த்திருந்தாள். ஆறு வாரத்து உயிருக்கு பங்களா கேட்கிறாள் என்று ஜெயபாலன் சிரித்தார். ராமையாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இப்போது மண்டோரைப் பகைத்துக்கொள்ள மேனேஜருக்கு மனமில்லை. தைப்பூசம் முடிந்து வா என்று இருளாயியை அனுப்பிவிட்டார். புருஷன் இல்லாதவள். அவள் கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனிமே விழுறதை யாரு பார்ப்பா அண்ணே?"

"முருகன் பார்த்துக்குவான், நீ போ."

மூன்று நாள் ராமையா நிம்மதியாகத் திருநீறு பூசிக்கொண்டார்.

நாலாம் நாள், கொட்டகையின் கடைசி மூலைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பத்துப் பதினைந்து கோழிகள். தண்ணீர்த் தொட்டி நாலே அடி தூரத்தில் இருந்தது. அந்த நாலடியை நடக்கக் காலில்லாமல், அலகைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒன்றின் கண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. அந்தக் கண் இன்னும் அசைந்தது.

கையில் எடுத்தார். திருக வரவில்லை. திரும்பக் கீழே வைக்கவும் வரவில்லை.

கோழியோடே, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினார். இருளாயி துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று கெஞ்சினார்.

"மாலை உங்களுக்கு, பாவம் எனக்கா அண்ணே?"

ராமையா கையிலிருந்த கோழியை நீட்டினார். அவள் ஈரக்கையை உதறிவிட்டுக் கூடவே நடந்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து கோழியை மடியில் வாங்கிக்கொண்டாள். ராமையா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சத்தமே இல்லை. மெல்லத் திறந்து பார்த்தார்.

இருளாயி உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, அந்த அலகுக்கு நேரே பிடித்திருந்தாள்.

"பொறுங்கண்ணே. ஒண்ணையும் நான் தாகத்தோட அனுப்பினதில்ல. குடிச்சிரட்டும்."