ஃபிரேம் ரேட் இருபது

நேற்றும் கேம் திக்கித் திக்கித்தான் ஓடியது. டிரைவரை அழித்துப் புதிதாக ஏற்றினேன். கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். ஃபிரேம் ரேட் நொடிக்கு இருபது படங்களைத் தாண்டவில்லை. ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால் திரை சற்றுக் கழித்தே திரும்பியது. தவறு என்னிடம்தானோ என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். பலனில்லை.

"ஏலே, நாளைக்கு டெஸ்ட்ட வச்சுக்கிட்டு கேம் வெளாடுதியே!" என்றாள் செல்வராணி அக்கா. "இதுலயும் ஃபெயிலானா வேல கெடைக்குமா?"

"எங்க வெளாட விடுது? முன்னாடியே கைய எடுத்தாத்தான் நெனச்ச எடத்துல நிக்குது."

அந்த எரிச்சலோடுதான் இன்று காலை துறைமுகத்தில் டெஸ்ட்டுக்குக் கிரேன் ஏறினேன். கண்டெய்னரைத் தூக்கி லாரிப் பக்கம் நகர்த்தும்போது, பழக்கத்தில் முன்கூட்டியே லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இந்த வேலையும் கைநழுவிப் போயிற்று என்றே நினைத்தேன். பெட்டி தானாக நகர்ந்து வந்து, ஆடாமல் லாரிக்கு நேர்மேலே நின்றது.

"மத்தவன்லாம் பெட்டி வந்தபெறகு கைய எடுக்கான், அது ஊஞ்சலா ஆடுது," என்றார் தேர்வு நடத்திய அண்ணாச்சி. "நீ எதுல பழகுன? அதே மாதிரி ஒண்ணு, கிரேன் சொல்லிக் குடுக்க நம்ம மாலை வகுப்புக்கும் வாங்கணும்."

"வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் அண்ணாச்சி. கிரேன் ஓட்டுத கேம். ரெண்டு கார்டு இருக்கணும்," என்றேன். "ரெண்டும் ஒழுங்கா வேல செய்யக் கூடாது."