பல்லி வாய் மூடிய பத்து வரன்கள்

கல்யாணத் தரகர் சிதம்பரநாதன் "இந்த வரன் முடிஞ்ச மாதிரிதான்" என்று சொல்லும்போதெல்லாம் சுவரில் இருந்த பல்லி ஒரு தடவை கத்தும். வந்தவர்கள் பூரித்துப்போவார்கள். பல்லிக்குத் தலைகால் புரியாது.

"நான் கத்தி இதுவரைக்கும் ஒன்பது கல்யாணம் நடந்திருக்கு, தெரியுமா?" என்றது மூலையில் இருந்த சிலந்தியிடம்.

"நீ கத்தியும் நடக்காதது எத்தனை?"

"அதையெல்லாம் யாரு எண்ணுவா?"

சிலந்தி விடவில்லை. "இனிமே வர்ற இருபது வரனுக்கு ஒண்ணு செய். அந்த விரிசல்லேருந்து வர்ற எறும்பு இடப்பக்கம் திரும்பினா கத்து. வலப்பக்கம் திரும்பினா வாயை மூடிக்கோ. வலையில முடிச்சுப் போட்டு நான் எண்ணிக்கிறேன்."

பல்லி தெம்பாக ஒத்துக்கொண்டது. ஆனால் வாயை மூடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. வாலைக் கடித்துக்கொண்டு சமாளித்தது.

ஆறு மாதத்தில் இருபது வரனின் முடிவும் தெரிந்துவிட்டது. கத்திய பத்து வரனில் நாலு கல்யாணம். கத்தாத பத்திலும் நாலு.

"இப்ப என்ன சொல்றே?" என்றது சிலந்தி.

பல்லி முடிச்சுகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தது. அதன் கண்கள் விரிந்தன.

"அடேயப்பா! வாயைத் திறக்காமலே நாலு கல்யாணத்தை முடிச்சிருக்கேனா நான்!"