அந்தக் கொடுமைக்காரி

"நாவல்ல வர்ற அந்தக் கொடுமைக்காரி நான்தானே? வேலை கத்துக்கொடுத்தவளுக்கு இதுதான் நன்றியா?"

காலையிலிருந்து இது மூன்றாவது போன். மூன்று பேருமே நாவலாசிரியையின் பழைய மேலதிகாரிகள்.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்!" போனை வைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினாள். "பொண்ணுக்குப் பொண்ணே கைகொடுக்கலைன்னா எப்படின்னு கேட்டா, இவளுங்களுக்கு ஏன் எரியுது? ஏய் மக்கு, வாசகர் கடிதத்தையெல்லாம் எடுத்துட்டு வா!"

மூன்று வருஷமாக அவளிடம் எழுத்து பழகும் பெண், கடிதக் கட்டோடு ஓடி வந்தாள்.

"நீயும் நாவலைப் படிச்சியே, உனக்கு என்ன தோணுச்சு?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தன்னைப் பத்தித் தானே இவ்வளவு உண்மையா எழுத யாருக்குக்கா மனசு வரும்? படிச்சு முடிச்சதுமே உங்களை மன்னிச்சுட்டேன்."