மீதி அரை நிமிடம்

பச்சை விளக்கு எரிந்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பூட்டுக்காரர் இன்னும் நன்றிதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீதிமன்றத்துக்கு நன்றி. நீதிபதிகளுக்கு நன்றி. மறுபடி உள்ளே விட்டதற்காக நகரமன்றத் தலைவருக்கும் ஒரு நன்றி. தலைவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவரா விட்டார்? நீதிமன்றமல்லவா விடவைத்தது!

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பூட்டுக்காரரின் வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த மனிதரை இந்த மைக்குக்கு முன்னால் நிறுத்துவதற்காக நகரமன்றத்தின் மீதே வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாகச் செருப்புத் தேய அலைந்தவள் அவள்.

மாதக் கூட்டத்தில் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் எழுந்து, பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து சிவப்பு விழும்வரை மூன்று நிமிடம் பேசலாம். பூட்டுக்காரர் மாதம் தவறாமல் வந்து ஒரே குறையைச் சொன்னார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மன்றம், இனி இவர் இங்கே வாயே திறக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டது. குறையைத் தீர்ப்பதைவிட ஆளின் வாயை அடைப்பது சுலபம் அல்லவா?

அந்தத் தீர்மானம் செல்லாது என்று நீதிமன்றம் மன்றத்தின் தலையில் நறுக்கென்று குட்டியது. முழு மூன்று நிமிடமும் பேச விட வேண்டும். பேசியதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும்.

குட்டு வாங்கியபின் இதுதான் முதல் கூட்டம்.

குறை என்னவோ சின்னதுதான். பார்வை போன அவர் மனைவி மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு, கோலைத் தட்டித் தட்டி நடைபாதையோடு அவர் பூட்டுக் கடைக்கு வருவாள். வழியில் ஒரு வீட்டின் வாசற்படிகள் நடைபாதையை முழுசாக விழுங்கிக்கொண்டு நீண்டிருந்தன. முட்டிவலிக்காரர் யாருக்கோ தோதாகத் தாழ்வாகவும் அகலமாகவும் கட்டிய படிகள். அந்த இடத்தில் மட்டும் அவள் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். லாரிகள் போகிற ரோடு.

ஒருமுறை அவள் கையிலிருந்த கோல் லாரிச் சக்கரத்தோடு போனது. அடுத்த முறை எது போகும் என்பதுதான் பூட்டுக்காரரின் கவலை.

மன்றத்தில் ஒரு விதி உண்டு. யார் பேரையும் சொல்லக் கூடாது, கதவு எண்ணை மட்டும்தான் சொல்லலாம். எண்ணைச் சொன்னால்தான் எழுத்தர் குறித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் பேசியதெல்லாம் காற்றோடு போச்சு.

வழக்கை எடுத்த அன்றே வக்கீல் அவருக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஜெயித்தால் முதல் கூட்டத்திலேயே அந்த எண்ணைச் சொல்லிவிட வேண்டும், யார் முகத்துக்காகவும் தயங்கக் கூடாது. அவர் அப்போதே இழுத்தார். அவள் விடவில்லை, தலையாட்ட வைத்துத்தான் அனுப்பினாள்.

இப்போது அந்த எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. பூட்டுக்காரர் வக்கீலுக்கு நன்றி சொல்லத் தொடங்கியிருந்தார். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்றார். தலைவரைப் பார்த்துப் பேச வேண்டியவர், திரும்பித் திரும்பி அவளையே பார்த்தார்.

இங்கே என்ன பார்வை, அங்கே பாருங்கள் என்று அவள் கண்ணாலேயே அதட்டினாள்.

மஞ்சள் எரியும்போதே தலைவர் மணியைத் தட்டினார். "நன்றி சொல்லத்தானா இவ்வளவு பெரிய கேஸு? போதும், போய் உக்காருங்க."

மன்றம் கொல்லென்று சிரித்தது.

பூட்டுக்காரருக்கு ரோஷம் வந்ததாகத் தெரியவில்லை. அப்பாடா என்கிற நிம்மதிதான் முகத்தில் இருந்தது. மைக்கை விட்டு விலகியும்விட்டார்.

அவ்வளவுதான். அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும். பாவம், பெரியவர் உளறிக் கெடுத்துக்கொண்டார் என்று ஊர் பேசியிருக்கும். அவளை யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

"இன்னும் சிவப்பு விழல. அரை நிமிஷம் மீதி இருக்கு, அது அவரோடது." பிறகு பூட்டுக்காரரைப் பார்த்து, "சொல்லுங்கண்ணே," என்றாள்.

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். தலைவருக்கு வேறு வழியில்லை.

பூட்டுக்காரர் மைக்குக்குத் திரும்பி வந்தார். மென்று விழுங்கினார். தலையைக் குனிந்துகொண்டு கதவு எண்ணைச் சொன்னார். ஒரு காலத்தில் இதே எண்ணைக் கூரை அதிரக் கத்தியவர், இன்று துக்கச் செய்தி சொல்கிறவரைப்போல அவ்வளவு மெதுவாகச் சொன்னார். காதில் விழவில்லை என்றார் எழுத்தர். மறுபடியும் சொன்னார்.

எழுத்தரின் பேனா ஓடியது. சிவப்பு விழுந்தது.

கூட்டம் முடிந்து அவள் வெளியே வந்தபோது பூட்டுக்காரர் வராந்தாவில் காத்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அவளுடைய போன் அடித்தது. அம்மா.

"சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்மா. எழுதிக்கிட்டாங்க."

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி, அப்போ நம்ம வீட்டுக்கு இனிமே பின்வாசல்தான். வரும்போது என் முட்டிக்குத் தைலம் வாங்கிட்டு வா. அந்தப் பக்கம் படி ரொம்ப உசரம்."