மூடிய இடது கண்

கண் டாக்டரின் மேசைமேல் காலை வெயில் விழுந்து, அடுக்கிவைத்த கண்ணாடி வில்லைகள் மின்னுகின்றன. நாலு வயது மகள் அப்பாவின் மடியில் இருக்கிறாள். பத்து நாளாக எதைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிக்கொள்கிறாள். அம்மாவுக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. "ரெண்டு கண்ணும் நல்லாத்தாம்மா இருக்கு. ஏன் மூடுறான்னுதான் புரியல," என்கிறார் டாக்டர், டார்ச்சை அணைத்தபடி. அம்மா கைப்பையின் வாரைத் திருகுகிறாள். தச்சரான அப்பாவோ, பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தில், இடது கண்ணை மூடிச் சுவரிலுள்ள எழுத்து அட்டையை நோட்டம் விடுகிறார். "அட்டை சாஞ்சிருக்கு டாக்டர்." மடியிலிருப்பவளும் அதே கண்ணை மூடுகிறாள். "ஆமாப்பா, கோணலா இருக்கு." டாக்டர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "என் உயிரை வாங்கிட்டு, ரெண்டும் இங்கேயும் வேலை பாக்குதுங்க பாருங்க!" என்று சொல்லி, அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறாள். டாக்டர் எழுந்துபோய் அட்டையை நகர்த்த, அப்பாவும் மகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: "இன்னும் கொஞ்சம்!"