சாக்பீஸ் தூளில் ஒரு கோடு

இரும்பில் மயிரிழை விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, மண்ணெண்ணெய்க்குத் தெரியும். பூசி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, பத்து நிமிடத்தில் வெள்ளைத் தூளில் ஒரு கோடு போடும்.

இருதயராஜ் ஒரே மாதிரியான இரண்டு பழைய ரேஸ் சைக்கிள்களைப் பிரித்திருந்தார். ஒன்றில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் விரிசல் இருந்ததால் அதில் சிவப்புப் பெயின்ட்டால் குறி வைத்தார். பிறகு இரண்டு ஃபோர்க்குகளையும் பெயின்ட் உரிக்கும் மருந்துத் தொட்டியில் ஊறப்போட்டார். முதலில் கைக்கு வந்ததில் குறி இல்லை. அதையே மாட்டினார். அந்தச் சைக்கிளில்தான் மகள் செலின் இன்று மலையிலிருந்து இறங்கிப் போயிருக்கிறாள்.

தொட்டியைக் கழுவும்போது, அடியில் சிவப்பாக ஒரு செதிள் கிடந்தது.

மிஞ்சிய ஃபோர்க் இப்போது மேசைமேல் தூள் பூசிக் கிடக்கிறது. மனைவி ஞானம் போனோடு வந்தாள்.

"செலின் எடுக்கல. வளைவுல டவர் இருக்காது. இது என்னங்க, புட்டுக்கு மாவா?"

"விரிசல் பாக்குறேன்."

"பளிச்சுன்னு வெள்ளையா இருக்கே. அப்புறம் என்ன?"

"இதுல கோடு விழணும் ஞானம். இதுல இல்லன்னா அவ சைக்கிள்ல இருக்கு."

ஞானம் குனிந்தாள். மூச்சுப் பட்டுத் தூள் பறந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டாவது நிமிடமும் தூள் வெள்ளையாகவே இருந்தது.